ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி குளோபல் மாறி: லோடர் லைப்ரரி எதைச் செய்யணும்?

செந்தூல் · ஜனவரி 12, காலை 10.20

ஈபிபிஎஃப் நிரலில் (லினக்ஸ் கர்னலுக்குள் ஓடும் சின்ன நிரல்) சாதாரண குளோபல் மாறி எழுதினால், நிரலைக் கர்னலில் ஏற்றும் லோடர் லைப்ரரியான லிப்பிபிஎஃப் அதைத் தானே ஒரு மேப்பாக (கர்னலும் வெளி நிரலும் பகிரும் டேட்டா அட்டவணை) மாற்றிவிடுகிறது. சிபியுவுக்கு ஒரு கவுண்டர் வேண்டுமென்றால் மட்டும் பெர்சிபியு அர்ரே மேப் (சிபியுவுக்கு ஒரு நகல் வைத்திருப்பது) அறிவித்து, சாவி 0 கொடுத்துத் தேடி, நல் பாயிண்டரா (எதையும் சுட்டாத வெற்று முகவரியா) என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் கூட்ட முடிகிறது. ஒரு கூட்டலுக்கு இவ்வளவு சடங்கு.

பெர்சிபியு என்று ஒரு செக்ஷன் (நிரல் கோப்பின் ஒரு பகுதி) பெயர் வைத்து மாறியை அதில் போட்டால் மீதியை லோடர் பார்த்துக்கொள்ளக் கூடாதா? லோடரில் நூறு வரி எழுதினால் போதும் என்று நினைக்கிறேன். எங்கள் ஆபிஸில் சொந்தமாக ஒரு சின்ன லோடர் இருக்கிறது, அதில் சேர்க்கப் பார்க்கிறேன். சர்வர்கள் பெரும்பாலும் உபுண்டு 22.04. தைப்பூசத்துக்கு முந்தின வாரத்திலிருந்து சர்வரில் யாரும் கை வைக்க விடமாட்டார்கள், அதற்குள் முடியுமா?

பாயான் பாரு · ஜனவரி 12, மதியம் 1.05

லோடரை மட்டும் வைத்து முடியாது தம்பி. கர்னலும் சம்மதிக்கணும்.

சாதாரண குளோபல் மாறி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். 2019இல் வந்த 5.2 கர்னலிலிருந்து இது உண்டு. டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகள்), பிஎஸ்எஸ் (0இல் தொடங்குபவை), ஆர்ஓடேட்டா (படிக்க மட்டும்) என்ற செக்ஷன்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு உறுப்பு கொண்ட அர்ரே மேப். செக்ஷன் முழுவதும் அந்த ஒரு உறுப்பின் மதிப்பு. மாறியைத் தொடும் இடத்தில் கம்பைலர் 64 பிட் மாறிலி ஏற்றும் இரட்டை இன்ஸ்ட்ரக்ஷன் ஒன்றை வைத்து, கூடவே ஒரு ரீலொகேஷன் குறிப்பும் (ஏற்றும்போது இந்த இடத்தை நிரப்பு என்பது) எழுதிவிடும். லோடர் அதன் முதல் பாதியில் மேப்பின் எஃப்டியையும் (கர்னல் கொடுத்த கைப்பிடி எண்), இரண்டாம் பாதியில் செக்ஷனுக்குள் மாறியின் ஆஃப்செட்டையும் (தொடக்கத்திலிருந்து தூரம்) போட்டு, சோர்ஸ் ரெஜிஸ்டர் இருக்கும் இடத்தில் ‘இது மேப் மதிப்பு’ என்று குறித்து அனுப்புகிறது. கர்னல் அந்த மேப் வகையிடம் ‘உன் மதிப்பு எந்த முகவரியில் இருக்கு?’ என்று கேட்டு, வந்த முகவரியை அங்கேயே எழுதிவிடுகிறது.

சாதாரண அர்ரேயிடம் இதற்குப் பதில் உண்டு. பெர்சிபியு அர்ரேயிடம் ஒற்றை முகவரி கிடையாது. அதனிடம் இருப்பது புளோக் எண் இல்லாமல் வீட்டு எண் மட்டும் எழுதிய முகவரி மாதிரி. அதனால் 5.15இல் வெரிஃபயர் (ஏற்றும்போது நிரலைச் சோதிக்கும் கர்னல் பகுதி) இந்த மேப் வகைக்கு நேரடி அணுகல் இல்லை என்று சொல்லி ஈஇன்வால் (தவறான கோரிக்கை) பிழை கொடுத்துத் திருப்பி அனுப்பும். உபுண்டு 22.04இன் அடிப்படைக் கர்னல் 5.15. ஹெச்டபிள்யூஇ (உபுண்டு தரும் புதிய கர்னல் வரிசை) வழியாக 6.8 போட்டிருந்தாலும் இதே பதில்தான்.

பாயான் பாரு · ஜனவரி 12, மதியம் 1.40

கர்னல் பக்கம் தேவைப்படுவது ஒன்றே ஒன்று. அந்த இரட்டை இன்ஸ்ட்ரக்ஷனுக்கு அடுத்து, ‘இப்போது ஓடும் சிபியுவின் ஆஃப்செட்டைக் கூட்டு’ என்று இன்னொன்று. 6.10இல் இதற்கான உள் இன்ஸ்ட்ரக்ஷன் வந்துவிட்டது. பெர்சிபியு அர்ரே தேடலை ஃபங்ஷன் அழைப்பு இல்லாமல் நேரடியாக விரிக்க அதைக் கொண்டுவந்தார்கள். எக்ஸ்86-64இல் ஜிஎஸ் செக்மெண்ட் வழியாகவும், ஆர்ம்64இல் அதற்கென்று ஒதுக்கிய சிஸ்டம் ரெஜிஸ்டர் வழியாகவும் ஆஃப்செட் வருகிறது.

முக்கியமான விஷயம்: அந்த இன்ஸ்ட்ரக்ஷனை நாம் எழுதி அனுப்ப முடியாது. வெரிஃபயர் சரிபார்த்து முடித்த பிறகு கர்னலே செருகுவது. லோடர் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அதற்கு இங்கே கை எட்டாது. அதோடு ஜிட் (நிரலைச் சிபியுவின் சொந்த இன்ஸ்ட்ரக்ஷன்களாக மாற்றும் பகுதி) அந்த இன்ஸ்ட்ரக்ஷனைப் புரிந்துகொள்ளணும், ஒவ்வொன்றாகப் படித்து ஓட்டும் இண்டர்பிரட்டரில் கிடையாது.

குளோபல் பெர்சிபியு மாறிக்கென்றே 2025இல் முன்வைத்த பேட்சுகளும் இந்த அடித்தளத்தின் மேல்தான் கட்டியிருக்கின்றன.

செந்தூல் · ஜனவரி 12, மாலை 6.15

பழைய கர்னலில் லோடரே அந்த இரட்டை இன்ஸ்ட்ரக்ஷனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மேப் தேடும் ஹெல்பர் (கர்னல் தரும் ஃபங்ஷன்) அழைப்பை வைத்தால்? நிரல் எழுதுகிறவருக்கு வித்தியாசம் தெரியாதே அண்ணே.

ஜெலுத்தோங் · ஜனவரி 12, இரவு 9.30

யோசனை கவர்ச்சியாக இருக்கும், செய்யாதீர்கள்.

மாறிலி ஏற்றும் இன்ஸ்ட்ரக்ஷன் ஒரே ஒரு ரெஜிஸ்டரைத்தான் மாற்றும், கம்பைலர் அதை நம்பித்தான் மற்ற ரெஜிஸ்டர்களைப் பங்கிட்டிருக்கும். ஹெல்பர் அழைப்போ ஆர்1 முதல் ஆர்5 வரை ஐந்தையும் அழித்து, ஆர்0இல் பதிலை வைக்கும். உயிரோடு இருக்கும் ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் பத்திரப்படுத்தி மீட்கணும். ஸ்டாக் மொத்தமே 512 பைட், கம்பைலர் ஏற்கெனவே எவ்வளவு எடுத்திருக்கிறது என்று லோடருக்குத் தெரியாது. சாவி 0ஐயும் ஸ்டாக்கில்தான் வைக்கணும். பிறகு நல் சோதனை, அதற்கு ஒரு ஜம்ப். இடையில் இன்ஸ்ட்ரக்ஷன் சேர்ந்ததால் அதைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு ஜம்ப்பின் ஆஃப்செட்டும், பிடிஎஃப் (நிரலின் வகை, வரி விவரக் குறிப்பு) வரித் தகவலும் நகரணும். அதாவது லோடருக்குள் ஒரு குட்டிக் கம்பைலர். லூப்புக்குள் மாறியைத் தொட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அழைப்பு விழும், நிரல் எழுதியவருக்கோ அது கண்ணிலேயே படாது.

லோடர் ஒரு சின்னச் சோதனை நிரலை ஏற்றிப் பார்க்கணும், கர்னல் மறுத்தால் காரணத்தைச் சொல்லி நிற்கணும். அவ்வளவுதான்.

பாயான் பாரு · ஜனவரி 13, காலை 8.50

ஜெலுத்தோங் அக்கா சொன்னதோடு செக்ஷன் பெயரைப் பற்றி ஒன்று. இதைத் தவறாக வைத்தால் பிழை செய்தியே வராமல் கெடும்.

டேட்டா என்று தொடங்கி, புள்ளி வைத்து ஏதாவது ஒட்டிய பெயர்களை லிப்பிபிஎஃப் தனி டேட்டா மேப்பாக ஏற்றுக்கொள்ளும். நீங்கள் ‘.டேட்டா.பெர்சிபியு’ என்று வைத்தால், இந்த வசதி தெரியாத பழைய லிப்பிபிஎஃப் அதைச் சாதாரணப் பொது அர்ரேயாக்கி, சத்தமே இல்லாமல் ஏற்றிவிடும். நிரல் ஓடும், எண்ணும் ஏறும். எல்லாக் கோர்களும் ஒரே இடத்தில் எழுதி ஒன்றையொன்று மிதிப்பதால் சுமை கூடும்போது கணக்கு மட்டும் குறையும்.

வெறும் ‘.பெர்சிபியு’ என்று வைத்தால் பழைய லிப்பிபிஎஃப் அந்தச் செக்ஷனைத் தெரியாததென்று தள்ளிவிட்டு, அதைச் சுட்டும் ரீலொகேஷன் வந்ததும் பிழை சொல்லி நின்றுவிடும். அதுதான் நமக்கு வேண்டியது. உங்கள் லோடரிலும் பெயரை முழுசாக ஒப்பிடுங்கள், முன்னொட்டை மட்டும் பார்க்காதீர்கள்.

கர்னல் மேப் பெயருக்கு 15 எழுத்துதான் இடம் தருகிறது. அந்தச் செக்ஷன் பெயர் ஆங்கிலத்தில் புள்ளியோடு 7 எழுத்து. ஆப்ஜெக்ட் (கம்பைல் செய்த நிரல் கோப்பு) பெயருக்கு மிஞ்சுவது 8. முதல் 8 எழுத்தும் ஒன்றாக இருக்கும் இரண்டு ஆப்ஜெக்ட்களை ஏற்றினால் பிபிஎஃப்டூல் (ஏற்றியவற்றைக் காட்டும் கட்டளை) பட்டியலில் இரண்டு மேப்பும் ஒரே பெயரில் நிற்கும். மேப்பின் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

செந்தூல் · ஜனவரி 13, மதியம் 12.40

சரி, கர்னல் தயார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது லோடர் வேலை நூறு வரிதானே?

பாயான் பாரு · ஜனவரி 13, மதியம் 2.20

நிரல் பக்கம் நூறு வரிகூட ஆகாது. ரீலொகேஷன் பழையதேதான், மேப் வகை மட்டும் மாறுகிறது. பாடு எல்லாம் யூசர் ஸ்பேஸ் (கர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரண புரோகிராம்) பக்கம்.

முதலில் தொடக்க மதிப்பு. கம்பைலர் தரும் எல்ஃப் கோப்பில் செக்ஷனின் நகல் ஒன்றுதான் இருக்கும். ஒவ்வொரு சிபியுவின் மாறியும் அந்த மதிப்பில் தொடங்கணும். ஆக, ஏற்றும்போது ஒரு பெரிய பஃபர் எடுத்து, செக்ஷன் நகலை ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒருமுறை அடுக்கி, சாவி 0க்கு ஒரே அப்டேட்டாக எழுதணும்.

அளவில் இரண்டு பொறி உண்டு. ஒன்று, ஒவ்வொரு நகலும் 8இன் மடங்காக மேல்நோக்கி நிரவப்படும். செக்ஷன் 20 பைட் என்றால் அடுத்த நகல் 24ஆவது பைட்டில் தொடங்கும். 20, 20 என்று நெருக்கி அடுக்கினால் சிபியு 0 மட்டும் சரியாக இருக்கும், மீதி எல்லாம் நாலு நாலு பைட்டாக நழுவிக்கொண்டே போகும். ஒரே சிபியுவில் சோதித்தால் தெரியவே தெரியாது.

இரண்டாவது, எத்தனை சிபியு? இயங்கும் சிபியு எண்ணிக்கையை எடுக்கக் கூடாது, ‘பாசிபிள்’ எண்ணிக்கையை (இந்தக் கணினியில் எப்போதாவது வரக்கூடிய சிபியுக்கள்) எடுக்கணும். சிஸ் அடைவில் சிபியு பகுதிக்குள் அந்தப் பெயரிலேயே கோப்பு இருக்கிறது. மெய்நிகர் சர்வர்களில் நாலு சிபியு ஓடிக்கொண்டிருக்கும், பாசிபிள் 128 என்று இருக்கும். 24 பைட் வீதம் நீங்கள் 96 பைட் பஃபர் கொடுக்கிறீர்கள், படிக்கும்போது கர்னல் அதில் 3072 பைட் எழுதுகிறது. கர்னலுக்கு உங்கள் பஃபர் எவ்வளவு பெரியது என்று தெரியாது, கேட்கவும் கேட்காது. ஹீப் (ஓடும்போது வாங்கும் நினைவகம்) கெட்டு, எங்கேயோ சம்பந்தமில்லாமல் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ அழைப்பில் புரோகிராம் விழும். மடிக்கணினியில் இரண்டு எண்ணும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் டெவலப்பர் கையில் இது பிடிபடாது, சர்வருக்குப் போன பிறகுதான் வெடிக்கும்.

ஜெலுத்தோங் · ஜனவரி 13, மாலை 5.10

கூடவே: அந்தப் பாசிபிள் கோப்பில் எப்போதும் ‘0-127’ மாதிரி ஒரே துண்டுதான் இருக்கும் என்று நம்பிப் பார்சர் எழுதாதீர்கள், காற்புள்ளியோடு பல துண்டும் வரலாம். அப்படி நடுவில் இடைவெளி இருந்தால் பஃபரின் மூன்றாவது இடம் சிபியு எண் 2 ஆகாது, பாசிபிள் பட்டியலில் மூன்றாவதாக நிற்கும் சிபியு. கர்னல் அந்த வரிசையில்தான் நகல் எடுக்கிறது.

இன்னொன்று நினைவுச் செலவு. பெர்சிபியு இடம் இயங்காத சிபியுவுக்கும் சேர்த்தே ஒதுக்கப்படும். ஒரு சிபியுவுக்கு 32 கிலோபைட்தான் உச்சம். அந்த உச்சத்தில் 128 பாசிபிள் என்றால் நாலு கோர் சர்வரில் 4 மெகாபைட் போய்விடும். ஸ்டாக் பத்தவில்லை என்று பெரிய பஃபரைப் பெர்சிபியுவுக்குத் தூக்குகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுக்கொள்ளணும்.

பாயான் பாரு · ஜனவரி 13, இரவு 10.45

இனிமேல் சொல்வதுதான் எனக்கு உண்மையில் முக்கியம்.

சாதாரண குளோபல் மாறியின் அழகே ஸ்கெலிட்டன்தான் (பிபிஎஃப்டூல் உருவாக்கித் தரும் சி ஹெடர்). 5.5 கர்னலிலிருந்து அர்ரே மேப்பை எம்மேப் செய்யலாம் (புரோகிராமின் நினைவகத்தோடு நேரடியாக இணைக்கலாம்). அதனால் யூசர் ஸ்பேஸில் ஸ்கெலிட்டன் வழியாக பிஎஸ்எஸ்ஸின் கவுண்டரை ஒரு பாயிண்டராகப் படித்தால், ஓடும் நிரலின் அதே நினைவகத்தையே படிக்கிறீர்கள். சிஸ்கால் (கர்னலை அழைப்பது) இல்லை. எழுதினால் நிரல் உடனே பார்க்கும்.

பெர்சிபியு அர்ரேயை எம்மேப் செய்ய முடியாது. அந்தக் கொடியோடு உருவாக்கப் பார்த்தாலே கர்னல் மறுக்கும். அப்போது ஸ்கெலிட்டன் பெர்சிபியு செக்ஷனுக்குக் கொடுக்கும் பாயிண்டர் எதைக் காட்டும்? ஏற்றுவதற்கு முன் தொடக்க மதிப்பின் நகலைக் காட்டும், அதுவரை நியாயம். ஏற்றிய பிறகும் அதே பாயிண்டர் அதே நகலைக் காட்டிக்கொண்டிருந்தால்? பிஎஸ்எஸ் பழக்கத்தில் ஒருவர் அதைப் படிப்பார், என்றைக்கும் 0 வரும். எழுதுவார், எங்கேயும் போய்ச் சேராது. கம்பைலர் எச்சரிக்காது, பிழை எண்ணும் வராது.

ஏற்றி முடிந்ததும் அந்தப் பக்கங்களைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடணும். எழுதப் பார்த்தவர் அங்கேயே செக்மெண்டேஷன் ஃபால்ட் வாங்குவார், எந்த வரி என்று தெரியும். படிப்பதற்குத் தனி ஃபங்ஷன் கொடுங்கள், திரும்பி வருவது சிபியு வாரியான வரிசையாக இருக்கட்டும். பெர்சிபியு மாறியை ஒற்றை எண் மாதிரி வேஷம் கட்டி யூசர் ஸ்பேஸில் நிறுத்தும் லைப்ரரி, வசதி என்ற பேரில் பயன்படுத்துகிறவரை ஏமாற்றுகிறது.

பட்டர்வொர்த் · ஜனவரி 14, காலை 7.35

பூட்டுவதைவிட ஏற்றியதும் பாயிண்டரை நல் ஆக்கிவிட்டால் என்ன? படித்தாலும் விழும், எழுதினாலும் விழும். பூட்டினால் எழுதுகிறவர்தான் மாட்டுவார், படித்து 0 பார்க்கிறவர் தப்பிவிடுகிறாரே.

பாயான் பாரு · ஜனவரி 14, காலை 9.15

நியாயமான வாதம். சொந்த லோடர் என்றால் நல்தான் சுத்தம், செந்தூல் தம்பி அதையே எடுத்துக்கொள்ளலாம். பொது லைப்ரரியில் தொடக்க மதிப்பு என்னவென்று ஏற்றிய பிறகு பார்க்க விரும்புகிறவர்களும் உண்டு, அவர்களுக்காகத்தான் படிக்க மட்டும் என்ற வழி. ஏற்றிய பிறகு எழுத விடவே கூடாது என்பதில் மாற்றமில்லை.

செந்தூல் · ஜனவரி 14, மதியம் 1.00

படிப்பது புரிந்தது. கவுண்டரை மணிக்கு ஒருமுறை 0 ஆக்கணும். வரிசை முழுவதும் 0 வைத்து ஒரு அப்டேட் போட்டால் முடிந்தது, சரியா?

ஜெலுத்தோங் · ஜனவரி 14, மதியம் 1.50

0 ஆக்காதீர்கள். நீங்கள் படித்ததற்கும் 0 எழுதியதற்கும் இடையில் வந்த பாக்கெட்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். ஒரு சிபியுவின் மதிப்பை மட்டும் மாற்றப் பார்த்தால் இன்னும் மோசம். 5.15 கையில் அப்டேட் என்றால் எல்லாச் சிபியுவையும் சேர்த்து எழுதுவதுதான். ஒன்றைத் திருத்த 128ஐயும் படித்து 128ஐயும் திருப்பி எழுதணும், நடுவில் மற்ற 127இல் நடந்தது அழியும். 2025 பேட்சுகளில் சிபியு எண்ணைக் கொடிகளின் மேல் 32 பிட்டில் வைத்து ஒன்றை மட்டும் தொடும் வழி எழுதியிருப்பது இதற்காகத்தான்.

கவுண்டர் ஏறிக்கொண்டே போகட்டும். மணி தொடங்கும்போது பார்த்த எண்ணை யூசர் ஸ்பேஸில் வைத்துக்கொண்டு கழியுங்கள். 64 பிட் எண் உங்கள் காலத்தில் நிரம்பாது லா.

பல புலம் கொண்ட ஸ்ட்ரக்ட் என்றால் இன்னொன்று. கர்னல் 8 பைட் சொல்லாக நகலெடுப்பதால் 64 பிட் சர்வரில் ஒரு கவுண்டர் பாதியில் உடைந்து வராது. ஆனால் பாக்கெட் எண்ணிக்கை ஒரு கணத்திலும் பைட் எண்ணிக்கை அடுத்த கணத்திலும் எடுத்ததாக இருக்கலாம். சராசரி போடும்போது அதை மனத்தில் வையுங்கள்.

பட்டர்வொர்த் · ஜனவரி 14, இரவு 8.20

அந்தந்தச் சிபியுவுக்குத் தனி மாறி, அதனால் பூட்டும் வேண்டாம், அட்டாமிக்கும் (இடையில் யாரும் புக முடியாத ஒற்றைச் செயல்) வேண்டாம் என்பதுதானே இதன் லாபமே?

பாயான் பாரு · ஜனவரி 14, இரவு 11.05

பாதி சரி. நிரல் ஓடும்போது வேறு கோருக்குத் தாவாது, கர்னல் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. தொடக்கத்தில் எடுத்த பாயிண்டர் கடைசிவரை செல்லும் என்பதற்கு அதுதான் உத்தரவாதம். ஆனால் தாவாது என்பதும் இடையில் யாரும் வரமாட்டார்கள் என்பதும் ஒன்றில்லை.

எக்ஸ்டிபி நிரல் (நெட்வொர்க்கில் பாக்கெட் வந்ததும் ஓடுவது) கவுண்டரைக் கூட்டுகிறது: படி, கூட்டு, எழுது. படித்த பிறகு, எழுதும் முன், அதே கோரில் என்எம்ஐ (தடுக்க முடியாத குறுக்கீடு) வந்து பெர்ஃப் (வேக அளவீடு) நிகழ்வில் மாட்டிய நிரல் ஓடி, அதே மாறியை ஏற்றிவிட்டுப் போகலாம். எக்ஸ்டிபி திரும்பி வந்து பழைய எண்ணோடு ஒன்றைச் சேர்த்து எழுதும். நடுவில் ஏறியது காணாமல் போகும். தூங்கக்கூடிய நிரல்களில் இது இன்னும் எளிது. ஒரு டாஸ்க் நிரலின் நடுவில் தூங்கும்போது அதே கோரில் வேறு டாஸ்க் அதே நிரலுக்குள் நுழையலாம். தற்காலிக பஃபராகப் பெர்சிபியு மாறியை வைத்திருந்தால் முதல் டாஸ்க் எழுந்து பார்க்கும்போது அடுத்தவருடைய டேட்டா இருக்கும்.

ஒரே ஒரு எக்ஸ்டிபி நிரல் மட்டும் தொடும் கவுண்டர் என்றால் சாதாரணக் கூட்டல் போதும். இரண்டு வகை நிரல்கள் பகிர்ந்தால் அட்டாமிக் கூட்டலே போடுங்கள். எக்ஸ்86இல் லாக் முன்னொட்டுக்குச் செலவு உண்டுதான், ஆனால் கேஷ் வரி (சிபியு ஒரே மூச்சில் எடுக்கும் நினைவகத் துண்டு) கோருக்குக் கோர் பறக்காததால் பொது மாறியில் போடும் அட்டாமிக்கைவிட மிகவும் மலிவு. தூங்கக்கூடிய நிரலில் தற்காலிக பஃபரைப் பெர்சிபியுவில் வைக்கவே வேண்டாம்.

செந்தூல் · ஜனவரி 15, காலை 10.10

தைப்பூசத்துக்கு முன் கர்னல் மாற்ற விடமாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். 5.15இலேயே ஏதாவது வழி?

பாயான் பாரு · ஜனவரி 15, மதியம் 12.30

இருக்கிறது, யூசர் ஸ்பேஸில் படிக்க இது பெர்சிபியுவைவிடச் சுகம்கூட. பிஎஸ்எஸ்ஸில் சாதாரண வரிசை ஒன்று வையுங்கள், உறுப்பு ஒவ்வொன்றும் 64 பைட்டுக்கு அலைன் ஆகியிருக்கட்டும் (64இன் மடங்கில் தொடங்கட்டும்). 128 உறுப்புக்கு 8192 பைட், ஒன்றுமேயில்லை. இண்டெக்ஸ் சிபியு எண் ஹெல்பரிலிருந்து. சாதாரண அர்ரே என்பதால் எம்மேப் கிடைக்கும், ஸ்கெலிட்டனில் நேரடியாகச் சுற்றிப் படித்துக் கூட்டிக்கொள்ளலாம், சிஸ்கால் வேண்டாம்.

வெரிஃபயர் இண்டெக்ஸுக்கு எல்லை கேட்கும். 127 ஆல் ஆண்ட் போடுங்கள், எண் 0 முதல் 127க்குள் நின்றுவிடும். ‘128ஐவிடச் சிறியதா’ என்று இஃப் எழுதினால் சில நேரம் கிளாங் கம்பைலர் ஒரு ரெஜிஸ்டரில் சோதித்துவிட்டு அதன் நகலான இன்னொன்றை வைத்து அர்ரேயைத் தொடும். வெரிஃபயர் எல்லை தெரியாத இண்டெக்ஸ் என்று மறுக்கும், நீங்கள் சோர்ஸைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் 127க்கு மேல் சிபியு எண் வரக்கூடிய சர்வரில் ஆண்ட் போட்டால் இரண்டு கோர் ஒரே இடத்தில் விழும். அதனால் ஏற்றும் முன்பே பாசிபிள் எண்ணைப் பார்த்து, பெரிதாக இருந்தால் லோடரே நிற்கட்டும்.

64 பைட் அலைன்மெண்ட்டை விட்டுவிடாதீர்கள். 8 பைட் கவுண்டர்களை நெருக்கி வைத்தால் எட்டு கோர் ஒரே கேஷ் வரியில் சண்டை போடும், தனி மாறி வைத்ததன் பலனே போய்விடும்.

ஜெலுத்தோங் · ஜனவரி 15, மதியம் 1.15

வரிசையின் நீளத்தை ஏற்றும் முன் மாற்ற நினைத்தால், புதிய லிப்பிபிஎஃப்பில் டேட்டா செக்ஷன் மேப்பின் மதிப்பு அளவை மாற்றலாம். அந்த வரிசை செக்ஷனில் கடைசி மாறியாக இருந்தால்தான் பிடிஎஃப் கூடவே திருந்தும். மாற்றிய பிறகு பழைய பாயிண்டரைப் பயன்படுத்தாதீர்கள், நினைவகம் இடம் மாறியிருக்கும். புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

செந்தூல் · ஜனவரி 16, மாலை 5.45

அப்படியே செய்கிறேன். மாறியை ஒரு மேக்ரோவுக்குள் மறைத்துவிட்டேன். இப்போது அலைன் செய்த வரிசை, பிறகு கர்னல் ஏறும்போது மேக்ரோவை மட்டும் ‘.பெர்சிபியு’ செக்ஷனுக்குத் திருப்பலாம். யூசர் ஸ்பேஸ் இரண்டிலும் ‘சிபியு வாரியாக வரிசை கொடு’ என்ற ஒரே ஃபங்ஷனைத்தான் அழைக்கிறது. சோதனை நிரலில் என்ன வைக்கணும்?

பாயான் பாரு · ஜனவரி 16, மாலை 6.30

8 பைட் மதிப்புள்ள, ஒரே உறுப்பு கொண்ட பெர்சிபியு அர்ரே ஒன்று உருவாக்குங்கள். நிரலில் மூன்றே வேலை: ஆர்1இல் மேப் மதிப்பு, ஆஃப்செட் 0. ஆர்0இல் 0. எக்ஸிட். சாக்கெட் ஃபில்டர் வகையாக ஏற்றிப் பாருங்கள், எஃப்டி வந்தால் வசதி உண்டு. மேப் உருவாக்குவதிலேயே தோற்றால் அதை ‘வசதி இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். அது அனுமதிப் பிரச்சினையாக இருக்கும், தனிப் பிழையாகச் சொல்லுங்கள். கர்னல் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். ரெட்ஹேட் மாதிரி விநியோகங்கள் பழைய எண்ணிலேயே புதிய வசதிகளைக் கொண்டுவந்து சேர்க்கும். 5.14 என்று காட்டும் கர்னலில் 6ஆம் வரிசை வசதி இருப்பது அங்கே சாதாரணம்.